சித்தி கம்ப்யூட்டருக்கு அம்மா வெச்ச பொட்டு

நம்ம வயசுக்காரங்களுக்குத்தான் இது புரியும். இப்ப உள்ள பிள்ளைங்க கையில இருக்கிற போனைத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பார்க்கக்கூட முடியாது, ஒட்டியே அனுப்பிடுறான். நம்ம காலத்துல கம்ப்யூட்டருக்கு மூடி இருந்துச்சு, மூடிக்கு ஸ்க்ரூ இருந்துச்சு, ஸ்க்ரூவைக் கழட்டினா உள்ள ஒரு ஊரே இருந்துச்சு. அந்த ஊருல ஜம்பர்னு ஒரு சாமான், ஞாபகம் இருக்கா? பாதி உளுந்து அளவுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொப்பி, உள்ளுக்குள்ள துளியூண்டு தகடு. கார்டுல நட்டுக்கிட்டு நிக்கிற ரெண்டு கம்பி மேல அதை மாட்டினா ரெண்டும் சேர்ந்துக்கும், ஒரு வேலை நடக்கும். கழட்டினா நடக்காது. அவ்வளவுதான் அதோட கதை. ஆனா கீழ விழுந்துச்சுன்னா போச்சு, கூட்டுமாறுக்குக்கூடத் தெரியாது.

அப்படி ஒரு தொப்பி எங்க வீட்டுல தொலைஞ்சதைத்தான் சொல்ல வரேன். இப்ப கண்ணாடி போடாம அந்த மாதிரி ஒண்ணை என்னால எடுத்துக்கூடக் காட்ட முடியாது. அப்ப எனக்குப் பதினோரு வயசு, கண்ணு கழுகு கண்ணு.

எங்க வீடு பிரிக்பீல்ட்ஸ்ல, ரயில்வே ப்ளாட்டுல ரெண்டாவது மாடி. அப்பா ரயில்வேல டிக்கெட் கவுண்டர். காலையில கண்ணு முழிக்கும்போதே ரயில் சத்தம், அதுக்குப் பின்னாடியே கீழ பூக்கடையிலேருந்து மல்லிகை வாசம், அப்புறம் ரொட்டி சானாய் கடை நெய் வாசம். மூணும் வரிசையா வரும், மாறாது. அந்த வருஷம்தான் கிள்ளான்லேருந்து சித்தி வந்தாங்க, அம்மாவோட ஒரே தங்கச்சி. "ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேன்க்கா"ன்னு ஒரு துணிப்பையோட வந்தவங்க மாசக்கணக்கா இருந்துட்டாங்க. எனக்குச் சொன்ன காரணம், கிள்ளான் துறைமுகத்துத் தூசி சித்திக்கு ஒத்துக்கலைங்கிறது. நானும் நம்பினேன். நம்ம வயசுல பெரியவங்க சொன்னா அது வேதவாக்கு, மறுகேள்வி கேட்டா ரோத்தான் பிரம்பு பேசும்.

சித்திகிட்ட ஒரு பழக்கம். யாராவது பேசினா முகத்தைக் கொஞ்சம் சாய்ச்சு வலது காதைக் கொடுப்பாங்க. எனக்கு அது கொள்ளை அழகாத் தெரிஞ்சுச்சு. நானும் ஸ்கூல்ல அப்படிச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்து, டீச்சர் "என்ன, கழுத்து சுளுக்கா?"ன்னு கேட்டு கிளாஸே சிரிச்சுச்சு. ஆனா இடது பக்கமா நின்னு கூப்பிட்டா சித்தி திரும்பவே மாட்டாங்க. அப்பா சாப்பிட உக்கார்ற நாற்காலி சித்திக்கு இடது பக்கம். "அந்த உப்பை எடும்மா"ம்பாரு. சித்தி பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க.

"பார்த்தியா உன் தங்கச்சியை? கூப்பிட்டா ஏன்னு கேக்காது. இவ்வளவு திமிரை வெச்சுக்கிட்டு எந்தப் புருஷன் வீட்டுல காலம் தள்ளும்?"

அம்மா உப்பை எடுத்து அப்பாவோட சோத்து மங்குகிட்ட வெச்சிட்டுப் பேசாம உக்காந்துடுவாங்க. அம்மாவுக்குக் காரணம் தெரியும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு பிள்ளைங்க எங்க மேல சத்தியம் வாங்கியிருந்தாங்க சித்தி. அது எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுச்சு.

சித்தி கல்யாணத்துக்கு முன்னாடி தமிழ் டைப்ரைட்டிங் படிச்சவங்க. ரெண்டு தெரு தள்ளி ஒரு அச்சகம் இருந்துச்சு. அங்க போய் அவங்களே வேலை கேட்டிருக்காங்க. அச்சக அங்கிள், "கோயில் திருவிழா மலர் ஒண்ணு வந்திருக்கு. மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒழுங்கா முடிச்சுக் கொடும்மா, வேலை உனக்குத்தான். அச்சகத்துக்கு மேல ரூம்பு காலியா கிடக்கு, அதுலயே தங்கிக்கலாம்"னு சொல்லிட்டாரு. சித்திக்கு அதுதான் எல்லாம். அந்த மலர் முடிஞ்சா கிள்ளானுக்குத் திரும்ப வேணாம். முடியலைன்னா போய்த்தான் ஆகணும்.

ஒரு பழைய கம்ப்யூட்டரை வேன்ல கொண்டாந்து எங்க ஹால்ல இறக்கினாங்க. அதுல படம் எல்லாம் வைக்க இடம் பத்தலைன்னு அங்கிள் இன்னொரு டிஸ்க்கும், டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோட சேர்த்து வைக்கிற ஒரு அடாப்டர் கார்டும் கொடுத்துட்டுப் போனாரு. எப்படி மாட்டறதுன்னு ஒரு தடவைதான் காட்டினாரு. அவரு போனதும் டிஸ்க் மக்கர் பண்ணிடுச்சு. சித்தி மூடியைக் கழட்டிப் போட்டுட்டு, புருவம் எடுக்கிற இடுக்கியால ஒவ்வொரு தொப்பியா எடுத்து இடம் மாத்தி மாட்டினாங்க. மாட்டி, போட்டுப் பார்த்து, அணைச்சு, மறுபடி மாட்டி. நான் பக்கத்துல படுத்துக்கிட்டு பார்த்துக்கிட்டே இருந்தேன். சூடான தூசி வாசம் வரும் அந்தப் பெட்டிக்குள்ளேருந்து, இப்பவும் மூக்குல இருக்கு.

"ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும்டி"ன்னாங்க. "அவசரப்பட்டு ரெண்டை மாத்தினா எதனால சரியாச்சுன்னே தெரியாது."

டிஸ்க்குலயும் தொப்பி இருந்துச்சு. பழைய டிஸ்க்கு, புது டிஸ்க்கு ரெண்டுல எது பெருசு, எது சின்னதுன்னு தொப்பியை வெச்சுத்தான் சொல்லணுமாம். ரெண்டும் நான்தான் பெருசுன்னு நின்னா ரெண்டுமே வேலை செய்யாதாம். "நம்ம வீட்டுல அந்தப் பிரச்சனை இல்லை"ன்னு அம்மா அடுப்படியிலேருந்து குரல் கொடுக்க, சித்தி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க வந்ததிலேருந்து அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை.

கடைசியா சரியான இடம் கிடைச்சுச்சு. கார்டுல மூணு மூணு கம்பியா வரிசையா நிக்கும். முதல் ரெண்டுல மாட்டினா டிஸ்க் வேலை செய்யும், கடைசி ரெண்டுல மாட்டினா தூங்கிடும். மறந்துடக் கூடாதுன்னு சித்தி தன் நெத்தியிலேருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, தொப்பி மாட்டின இடத்துக்குப் பக்கத்துலயே கார்டு மேல ஒட்டினாங்க. அந்தப் பொட்டுதான் வினையாச்சு. கடைசியில காப்பாத்தினதும் அதுதான்.

இதுக்கு நடுவுல அப்பா கிள்ளானுக்குப் போன் போட்டுட்டாரு. சித்தப்பாவும் அவரோட அண்ணனும் விஜயதசமி அன்னிக்கு, ஞாயித்துக்கிழமை, வந்து கூட்டிக்கிட்டுப் போறதா பேச்சு. சித்தி அப்பா பக்கத்துல வந்து நின்னாங்க. "மாமா, மலரை மட்டும் முடிச்சிடுறேன்."

அப்பா கெட்டவரு இல்லை, அதை முதல்ல சொல்லிடுறேன். வாழப் போன பொண்ணு திரும்பி வந்தா ஊரு என்ன சொல்லும்னு பயந்த மனுஷன், அவ்வளவுதான். "சரி. அவங்க வரும்போது மலரு முழுசா முடிஞ்சிருக்கணும். முடிச்சிருந்தா நானே உனக்காகப் பேசுறேன். முடியலைன்னா மறுபேச்சு இல்லாம கிளம்பணும். சம்மதமா?" நல்லவேளை, அன்னிக்கு அப்பா வலது பக்கமா நின்னாரு. சித்தி தலையாட்டினாங்க.

சனிக்கிழமை ஆயுத பூசை. சித்தி ஒரே ஒரு பக்கம் பாக்கி வெச்சிருந்தாங்க, விஜயதசமிக் காலையில நல்ல நேரத்துல முடிக்கலாம்னு. ஆயுத பூசைக்குத்தான் தெரியுமே, எல்லாத்தையும் தொடச்சு சாமிகிட்ட வெச்சிட்டா மறுநாள் எடுக்கிற வரைக்கும் கை வைக்கக்கூடாது. அருவாமனை, தையல் மிஷின், அப்பாவோட டூல் பெட்டி, என் ஸ்கூல் பை எல்லாம் வரிசையா உக்காந்திருந்துச்சு. கம்ப்யூட்டரையும் சித்தி தூசி தட்டறதுக்காகத் திறந்து, சாய்ச்சு வெச்சிட்டுக் குளிக்கப் போனாங்க. அம்மா சந்தனக் கிண்ணத்தோட வந்தாங்க. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு முடிச்சு கம்ப்யூட்டருகிட்ட வந்து நின்னு, மூடிக்கு ஒண்ணு, திரைக் கண்ணாடிக்கு ஒண்ணு வெச்சாங்க. அப்புறம் யோசிச்சாங்க.

"வெளிய மட்டும் வெச்சா போதுமா? உள்ள இருக்கறதுதானே வேலை செய்யுது."

உள்ள எட்டிப் பார்த்தா சிவப்பாப் பொட்டு. அட, தங்கச்சி ஏற்கனவே ஆரம்பிச்சு வெச்சிருக்காளேன்னு அம்மாவுக்குச் சந்தோஷம். மோதிர விரலால நல்லா அள்ளி அந்தப் பொட்டு மேலயே ஒரு சந்தனம், அது மேல குங்குமம். பெட்டிக்குப் பக்கத்துலயே ஒரு பெரிய மங்குல சுண்டல். சந்தனம் ஒட்டுற ஒட்டுக்குத் தொப்பி அம்மா விரலோடயே வந்து அதுல விழுந்திருக்கு. கறுப்புக் கடலைக்கு நடுவுல கறுப்புத் தொப்பி, எந்தக் கடவுள் பார்ப்பாரு?

சித்தி குளிச்சிட்டு வந்தாங்க, உள்ள பார்த்தாங்க, சிரிச்சாங்க. பூசை முடிஞ்சப்புறம் அழிக்கலாம்னு மூடியைப் போட்டுட்டாங்க. சூடம் காட்டி, சாம்பிராணி போட்டு, பொரியும் சுண்டலும் கைக்கு வந்துச்சு. ரெண்டாவது வாயிலயே அப்பா முகத்தைச் சுளிச்சாரு. கடக்குன்னு சத்தம்.

"கல்லு! கடலையைப் பொறுக்கிப் போடக்கூடவா இந்த வீட்டுல ஆள் இல்லை? பல்லு போயிருக்கும்!"

விரலால எடுத்து, பார்க்காமலே ஜன்னல் வழியா விட்டெறிஞ்சாரு. அம்மா "பொறுக்கித்தாங்க போட்டேன்"னு முனகினாங்க. யாரும் காதுல வாங்கலை.

மறுநாள் விஜயதசமி. சித்தி விளக்கேத்தி, கும்பிட்டு, பட்டனைத் தட்டினாங்க. கண்ணாடியில டிஸ்க்கைக் காணோம்னு இங்கிலீஷ்ல வந்து நின்னுச்சு. அணைச்சுப் போட்டாங்க. அதேதான். எழுதின மலரு பூரா அந்த டிஸ்க்குக்குள்ள இருக்கு. சித்தி மூடியைத் திறந்து, பழைய பல்லு பிரஷ்ஷுல ஓடிகொலோன் சென்ட்டைத் தொட்டு, காஞ்சு வெடிச்சுக் கிடந்த சந்தனத்தைப் பதமாத் தேச்சு எடுத்தாங்க. அடியில ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல கம்பி மொட்டையா நின்னுச்சு.

"அக்கா, இங்க ஒரு தொப்பி இருந்துச்சே."

அம்மா தன் விரலையே பார்த்தாங்க. அப்புறம் எல்லாரும் தரையில தவழ்ந்தோம். வேற இடத்துத் தொப்பியை எடுத்துப் போடலாமேன்னு நான் கேட்டேன். "ஒவ்வொண்ணும் ஒரு வேலையில இருக்குடி. இதுக்கு எடுத்தா அது படுத்துடும்"னு சொல்லிக்கிட்டே சித்தி தரையைத் தடவினாங்க. ஞாயித்துக்கிழமை, அச்சகமும் பூட்டு, கடையும் பூட்டு.

அப்பா பேப்பருக்குப் பின்னாலேருந்து கேட்டாரு. "என்ன தொப்பி? எவ்வளவு பெருசு?"

"உளுந்துல பாதிதான் மாமா. கறுப்பா, கெட்டியா."

அப்பா ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தாரு. அப்புறம் எழுந்து, கையில பேப்பரை வெச்சுக்கிட்டே, "பேப்பர் வாங்கிட்டு வரேன்"னு கீழ இறங்கிட்டாரு. எனக்குச் சந்தேகம். ஜன்னல்ல ஏறிப் பார்த்தேன். எங்க அப்பா, சட்டை கசங்காம கவுண்டருக்குப் போற மனுஷன், கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஜன்னலுக்குக் கீழ ஓடுற லோங்காங்குச் சாக்கடைக்குள்ள இறங்கி நின்னு, தண்ணியில கையை விட்டுத் தடவிக்கிட்டு இருந்தாரு. போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பார்க்கிறான். "என்ன அண்ணே, மோதிரமா?"ன்னு ஒருத்தன் கேட்டான். அப்பா தலையைத் தூக்கலை.

அந்த நேரம் பார்த்துக் கிள்ளான்காரங்க வந்துட்டாங்க. சித்தப்பா கையில ஒரு பை ஆரஞ்சு. அவரோட அண்ணன் வேட்டி சட்டையில ஜம்முன்னு வந்து நாற்காலியில உக்காந்தாரு. சித்தி தரையில, திறந்து கிடக்கிற கம்ப்யூட்டருக்கு முன்னாடி. சாக்லேட் தாளைச் சுருட்டிக் கம்பி மேல வைக்கிறாங்க, அது நழுவி நழுவி விழுது.

அப்பா ஈரக் கைலியோட மேல வந்தாரு. கை வெறுங்கை. அண்ணன்காரரு சிரிச்சாரு.

"என்னண்ணே இது, விஜயதசமி அன்னிக்கே படுத்துடுச்சா? சரிதான் போங்க. கலைமகளே சொல்லிட்டா, இந்தக் கை ராசி இல்லாத கை, இதுக்கு அடுப்படிதான் லாயக்குன்னு. இதுக்கு மேல என்ன பேச்சு? கிளம்பச் சொல்லுங்க."

அப்பா சித்திகிட்ட போனாரு. எப்பவும் போல இடது பக்கம். "என்னம்மா," ன்னு கூப்பிட்டாரு. சித்தி திரும்பலை. குனிஞ்சு, "ஏம்மா, உன்னைத்தான்," ன்னாரு. ரெண்டு அடி தூரம்கூட இல்லை. சித்தி கம்பியையே பார்த்துக்கிட்டு இருக்காங்க.

அண்ணன்காரரு தொடையைத் தட்டிக்கிட்டுச் சொன்னாரு. "அந்தப் பக்கம் கத்தினாலும் அதுக்குக் கேக்காது லா. சுத்தி இந்தப் பக்கம் வந்து கூப்பிடுங்க. நாங்கல்லாம் பழகிட்டோம்."

அப்பா மெதுவா நிமிர்ந்தாரு. "எப்ப இருந்து கேக்காது?"

சித்தப்பா ஆரஞ்சுப் பையோட முடிச்சை அவுக்கறதும் கட்டறதுமா இருந்தாரு. அடுப்படி வாசல்லேருந்து அம்மா குரல் வந்துச்சு.

"தலைத் தீபாவளியிலேருந்துங்க. புருஷன் காதோட சேர்த்து விட்ட ஒரே அறை. சொல்லக்கூடாதுன்னு பிள்ளைங்க மேல சத்தியம் வாங்கிட்டா. என் பிள்ளைங்களை சாமி பார்த்துக்கட்டும், இனிமே என்னால முடியாது."

எனக்கு அந்த நிமிஷத்துலதான் எல்லாம் புரிஞ்சுச்சு. நான் ஸ்கூல்ல போய் அழகுன்னு நடிச்சுக் காட்டினேனே, அது என்னன்னு புரிஞ்சுச்சு.

"திமிருன்னுல்ல நினைச்சேன்," ன்னாரு அப்பா, அவருக்கு மட்டும் கேக்கற மாதிரி. அப்புறம் அண்ணன்காரரைப் பார்த்துத் திரும்பினாரு.

"கலைமகள் ஒண்ணும் சொல்லலை. அந்தத் தொப்பி சுண்டல்ல கிடந்துச்சு. நான்தான் கல்லுன்னு நினைச்சு வாயிலேருந்து எடுத்து லோங்காங்குல எறிஞ்சேன். இவ்வளவு நேரம் அதைத்தான் தேடிட்டு வரேன். குத்தம் என் கையில. அவ கையில ஒண்ணும் இல்லை."

அப்பா தப்பை ஒத்துக்கிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் வந்த சம்பந்தக்காரங்க முன்னாடி, ஈரக் கைலியோட. அப்புறம் சித்தியைச் சுத்திக்கிட்டுப் போய் வலது பக்கம் உக்காந்தாரு. "இப்ப அதுக்கு என்னம்மா வேணும்?"

"ஒரு சின்னக் கம்பி மாமா. விறைப்பா இருக்கணும். ரெண்டையும் கவ்விப் பிடிக்கணும்."

அம்மா வந்தாங்க. கழுத்துல கையை விட்டுத் தாலிக் கொடியை வெளிய இழுத்தாங்க. நம்ம அம்மாமாருங்க தாலியில ஒரு கொத்து ஊக்கு தொங்குமே, அவசரத்துக்கு உதவும்னு? அதுல ஆகச் சின்னதைக் கழட்டி அப்பா கையில கொடுத்தாங்க. அப்பா டூல் பெட்டியைத் திறந்து, பிளையரால ஊக்கோட கம்பியை நறுக்கினாரு. சித்தி அதை ரெண்டா வளைச்சு, பொட்டு ஒட்டியிருந்த இடத்துக்கு நேரா, முதல் ரெண்டு கம்பி மேல அழுத்தினாங்க. கவ்விக்கிச்சு. மேல ஒரு துண்டு டேப்பு ஒட்டினாங்க.

பட்டனைத் தட்டினதும் கிர்ருன்னு ஒரு சத்தம், அப்புறம் டிக் டிக்னு டிஸ்க் முழிச்சுக்கிச்சு. கண்ணாடியில பிள்ளையார் துதி வந்து நின்னுச்சு, மலரோட முதல் பக்கம். நான் ஓன்னு அழுதுட்டேன். சித்தி அழலை. பாக்கியிருந்த ஒரு பக்கத்தை, எல்லாரும் உக்காந்திருக்க, அங்கயே அடிச்சு முடிச்சாங்க. முடிச்சதும் அப்பா எழுந்தாரு.

"பார்த்தாச்சுல்ல? டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க. அது இங்கதான் இருக்கும்."

டீயைக் குடிக்காமலே போயிட்டாங்க. ஆரஞ்சுப் பையை விட்டுட்டுப் போயிட்டாங்க, அது அழுகுற வரைக்கும் நாங்க யாரும் தொடலை. சித்தி மறுநாள் மலரைக் கொண்டு போய்க் கொடுத்தாங்க, அச்சகத்துக்கு மேல குடியும் போனாங்க. இப்ப சுபாங் ஜெயாவுல இருக்காங்க. காதுல மிஷின் மாட்டியிருக்காங்க, அதுக்கும் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அம்மாவே போய்ப் பொட்டு வைக்கறாங்க, கேட்டா சிரிக்கறாங்க.

அப்பா அன்னிக்கே சாப்பாட்டு நாற்காலியை இடம் மாத்திப் போட்டுட்டாரு. சாகற வரைக்கும் சித்திகிட்ட பேசணும்னா சுத்திக்கிட்டுப் போய் வலது பக்கம் நின்னுதான் பேசினாரு. இன்னொண்ணும் உண்டு. அன்னியிலேருந்து எங்க வீட்டுல கடலை பொறுக்கறது அப்பா வேலை. முறத்தை மடியில வெச்சுக்கிட்டு ஜன்னலுகிட்ட உக்காருவாரு. கறுப்பா ஒரு கல்லு கிடைச்சா உடனே எறிய மாட்டாரு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, இப்படியும் அப்படியும் புரட்டி, கல்லுதானான்னு பார்த்துட்டுத்தான் கீழ போடுவாரு.